பதிவெண்களை எழுதிவைத்தவர்கள்

ஒவ்வொரு பயணிகள் விமானத்தின் பின்பகுதியிலும், வாலுக்குச் சற்று முன்னால், சில எழுத்துகள் இருக்கும். விமானத்தில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் அவற்றைக் கவனிப்பதில்லை. டிக்கெட்டில் இருப்பது பயண எண். எம்எச்17 என்பது ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் பயணத்தின் பெயர், அவ்வளவுதான். 2014 ஜூலையில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு எம்எச்19 என்று மாற்றினார்கள். ஆனால் ஜூலை 17 அன்று அந்தப் பயணத்தில் பறந்த போயிங் 777-க்கு வேறொரு பெயர் இருந்தது: 9எம்-எம்ஆர்டி. அதுதான் பதிவெண். காருக்கு நம்பர் பிளேட் மாதிரி.

இந்தப் பதிவெண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வதற்காகவே ஓடுபாதை வேலியோரம் மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஸ்பாட்டர் என்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கேஎல்ஐஏ ஓடுபாதைக்கு வெளியே நிற்கும்போது கையில் கேமராவும் மடக்கு நாற்காலியும் பையில் ஒரு நோட்டும் இருக்கும். இலக்கியக் கூட்டங்களில் பழக்கமான நண்பர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். “ஏறப் போறதும் இல்ல, ஆள வழியனுப்பப் போறதும் இல்ல. நம்பர எழுதி வெச்சு என்னடா பண்ணுவ?” நியாயமான கேள்விதான். அதற்கான பதில் என் நோட்டில் இல்லை, இந்தப் பழக்கத்தின் வரலாற்றில் இருக்கிறது.

*

விமானம் பார்ப்பது ஒரு பெரும் பழக்கமாகப் பரவியதற்குக் காரணம் போர். வானத்தைக் கவனித்துத் தகவல் சொல்ல 1925-இல் பிரிட்டனில் ‘அப்சர்வர் கோர்’ என்ற அமைப்பு உருவானது. 1940-இல் ஜெர்மானிய விமானங்கள் தினமும் வரத் தொடங்கியபோது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் தொழிலாளர்கள் பதுங்குகுழிக்கு ஓடினால் தொழிற்சாலையில் வேலை எப்படி நடக்கும்? அதனால் ஒவ்வொரு தொழிற்சாலையின் கூரையிலும் ஓர் ஆளை நிறுத்தினார்கள். ஆபத்து நிஜமாகவே தலைக்கு மேல் வந்த பிறகு அவர் குரல் கொடுத்தால் போதும், மற்றவர்கள் அதுவரை வேலை செய்யலாம். அந்தக் கூரை மனிதரைத்தான் ஸ்பாட்டர் என்று அழைத்தார்கள்.

வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று சில நொடிகளில் சொல்ல வேண்டும். தவறினால் உயிர் போகும். 1941 ஜனவரியில் ‘தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்’ என்ற பத்திரிகையே தொடங்கப்பட்டது. விமானங்களின் கறுப்பு நிழலுருவங்களை அச்சிட்டுப் பழக்கினார்கள். இறக்கை எங்கே பொருந்துகிறது, வால் எப்படி முடிகிறது, எஞ்சின் எத்தனை என்பதையெல்லாம் பள்ளிப் பையன்கள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தார்கள்.

போர் முடிந்தது. பழகிய கண் சும்மா இருக்குமா? அதே பையன்கள் 1950-களில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் கூரைத் தோட்டத்தில் சாண்ட்விச் பொட்டலத்தோடு போய் உட்கார்ந்தார்கள். பதிவெண்களை மட்டுமே வரிசையாக அச்சடித்த சின்னப் புத்தகங்கள் விற்பனைக்கு வந்தன. பார்த்த எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. உயிர் காக்கப் பிறந்த ஒரு திறமை யாருக்கும் பயன்படாத ஓய்வுநேரப் பழக்கமாக மாறியது.

*

அந்த எழுத்துகளுக்குள்ளும் ஒரு வரலாறு உண்டு. 1919-இல் பாரிஸில் கையெழுத்தான வான்வழி ஒப்பந்தம்தான் விமானம் தன் நாட்டின் அடையாளத்தை உடம்பில் தாங்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் காலனிகளுக்கு ‘வி’-யில் தொடங்கும் குறிகள் வந்தன. மலாயா விஆர்-ஆர், சிங்கப்பூர் விஆர்-எஸ், ஹாங்காங் விஆர்-எச். சுதந்திரத்துக்குப் பிறகு நமக்கு 9எம், சிங்கப்பூருக்கு 9வி. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியதும் அதன் விமானங்களில் விஆர் போய் ‘பி’ வந்தது. இந்தியா இன்றைக்கும் விடி என்ற பழைய குறியையே வைத்திருக்கிறது. சென்னைக்குப் போகும் இந்திய விமானத்தின் பின்பக்கத்தை அடுத்த முறை பாருங்கள், பேரரசு இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜெட் யுகம் வந்ததும் நோட்டு மட்டும் போதவில்லை. 1970 ஜனவரியில் போயிங் 747 சேவைக்கு வந்தபோது பார்ப்பவர்களுக்கு அதன் எண்ணைவிட அதன் உருவம் பெரிதாகிவிட்டது. பெரிய விமானத்தைப் படமெடுப்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தரையிறங்கும் பெரிய ஜெட் மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஆனாலும் அதன் உருவம் கண்ணை ஏமாற்றிவிடும், காற்றில் மிதந்து நிற்பது போலத் தோன்றும். 500 டன்னுக்கு மேல் கனக்கும் ஏ380 மேலெழும்போது சக்கரம் தரையை விடுவதற்கு முன்பே இறக்கை நுனிகள் மேல் நோக்கி வளையத் தொடங்கும். எடை சக்கரத்திலிருந்து இறக்கைக்கு மாறும் அந்தக் கணத்தைத்தான் நாங்கள் வீடியோவில் பிடிக்கப் பார்க்கிறோம். சத்தம் பிறகுதான் வரும், நெஞ்செலும்பில்.

ஸ்பாட்டர்கள் ஸ்லைடு ஃபிலிமில் படமெடுத்துச் சட்டத்தில் பதிவெண், இடம், தேதி மூன்றையும் எழுதி, தபாலில் ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டார்கள். பிறகு கையடக்க வீடியோ கேமரா வந்தது. அந்தக் காலத்தின் காசி, ஹாங்காங்கின் கை டாக் விமான நிலையம். 13-ஆம் ஓடுபாதையில் இறங்கும் விமானம், மலையில் வரைந்திருந்த சிவப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டத்தை நோக்கி வந்து, கடைசி நேரத்தில் வலப்பக்கம் 47 பாகை திரும்பி, கௌலூன் அடுக்குமாடி வீடுகளின் மேலே தாழ்வாகக் கடந்து இறங்க வேண்டும். 1998 ஜூலை 6-இல் கை டாக் மூடப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் இங்கே சுபாங்கிலிருந்து விமானங்கள் கேஎல்ஐஏ-வுக்கு இடம் மாறியிருந்தன. ஒரு நகரம் தன் தலைக்கு மேலே ஜம்போ ஜெட்டுகளோடு எப்படி வாழ்ந்தது என்பதை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால், கூரைகளில் நின்ற ஸ்பாட்டர்களின் வீடியோ நாடாக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அரசு ஆவணக் காப்பகம் ஓடுபாதையின் வரைபடத்தை வைத்திருக்கும். துணி காயும் கொடிக்கு மேலே 747 போனதை எவனோ ஒருத்தன்தான் எடுத்துவைக்க வேண்டும்.

*

ஆனால் பார்ப்பவனை எல்லோரும் பிடித்தவனாகப் பார்ப்பதில்லை. 2001 நவம்பரில், அமெரிக்க இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டு மாதங்கூட ஆகாத நேரத்தில், கிரீஸ் நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்துக்குப் போன 14 பேர் கைதானார்கள். 12 பேர் பிரிட்டிஷ்காரர்கள், இருவர் டச்சுக்காரர்கள். பொதுமக்களைத் தளத்துக்குள் அனுமதிக்கும் நாளில்தான் போயிருந்தார்கள். கையில் நோட்டு, நோட்டில் எண்கள். கிரேக்கக் காவல்துறைக்கு அது உளவாகத் தெரிந்தது. ஐந்து வாரத்துக்கு மேல் சிறை. 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு உளவுக் குற்றத்துக்காக மூன்றாண்டுத் தண்டனை, ஆறு பேருக்கு உடந்தையாக இருந்ததற்காக ஓராண்டு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. அந்த ஆறு பேரில் ஒரு பெண்மணி கணவரோடு துணைக்கு வந்தவர். எல்லோரும் விமானம் பார்த்தபோது தான் வேனில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் எல்லோரும் விடுதலையானார்கள்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது கிரேக்கக் காவலரின் சந்தேகம் அல்ல. இந்த ஆட்களால் நீதிமன்றத்தில் தங்கள் செயலுக்கு ஒரு காரணம் சொல்ல முடியவில்லை என்பதுதான். ‘எதற்காக எழுதினாய்?’ ‘சும்மா.’ அதிகாரத்துக்கு இந்தச் ‘சும்மா’ புரியவே புரியாது. நம் ஊரிலும் துப்பாக்கிக்காரன் படம் போட்ட சிவப்புத் தடைப் பலகைகள் உண்டு. நான்கு மொழிகளில் எழுதியிருப்பார்கள். தமிழ் அரிதாகவே இடம்பெறும் நம் அரசுப் பலகைகளில், அங்கே மட்டும் மறக்காமல் தமிழும் இருக்கும். ஒருமுறை காவலர் ஒருவர் என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் நின்றேன். எண்களாகவே இருப்பதைப் பார்த்து அவருக்கு இன்னும் சந்தேகம் கூடியது. கவிதை எழுதியிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ.

*

அதே 2001-இல்தான் கதை தலைகீழாகவும் திரும்பியது. அக்டோபர் மாதம் பின்னிரவில் கராச்சி விமான நிலையத்தில் ஓர் ஆளை முகமூடி அணிந்தவர்கள் ஒரு சிறு ஜெட்டில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பாகிஸ்தான் பத்திரிகையாளர் மசூத் அன்வர் அதைச் செய்தியாக்கினார். அந்தச் செய்தியில் பதிவெண்ணும் இருந்தது: என்379பி. டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலிருந்து இரண்டு எகிப்தியரை ஏற்றிச் சென்றதும் அதே விமானம்தான் என்று 2004-இல் சுவீடன் தொலைக்காட்சி ஒன்று வெளிப்படுத்தியது. வழக்கு இல்லாமல், நீதிமன்றம் இல்லாமல், ஆட்களைப் பிடித்து வதை நடக்கும் நாடுகளுக்குக் கொண்டுபோகும் சிஐஏ-வின் இரகசியத் திட்டத்தின் நுனி அது.

ஒரு எண் கிடைத்ததும் பத்திரிகையாளர்கள் யாரிடம் போனார்கள்? ஸ்பாட்டர்களிடம். எங்கெங்கோ, எந்தெந்தத் தேதியிலோ, அந்த வெள்ளை ஜெட்டை எவரெவரோ ‘சும்மா’ படமெடுத்து வைத்திருந்தார்கள். அதன் பதிவெண்ணை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார்கள். ஸ்பாட்டர்கள் விமானத்தின் தொழிற்சாலை எண்ணையும் சேர்த்தே குறிப்பவர்கள். சட்டையை மாத்தினா ஆளத் தெரியாதா என்ன?

2004 ஜனவரி 23 அன்று ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், பால்மா விமான நிலையத்தில் ஒரு ஸ்பாட்டர் ஒரு போயிங் 737-ஐப் படமெடுத்தார். என்313பி. அந்த ஊருக்கு அடிக்கடி வராத விமானம், அதனால் எடுத்தார். அன்றிரவே அது மாசிடோனியாவின் ஸ்கோப்யேவுக்குப் போய், காலித் எல்-மஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகனை ஏற்றிக்கொண்டு காபூலுக்குப் பறந்தது. ஆள் மாறாட்டத்தில் பிடிபட்டவர் அவர். மே மாதக் கடைசியில் அல்பேனியாவில் ஒரு சாலையோரம் இறக்கிவிடப்பட்டபோது அவர் கதையை நம்ப ஆளில்லை. 2012 டிசம்பர் 13-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் சொன்னது உண்மை என்று ஏற்று, மாசிடோனியா 60,000 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு புகைப்படம் மட்டுமே அந்தத் தீர்ப்பைக் கொண்டுவரவில்லை. பயணப் பதிவுகள், சாட்சியங்கள், விசாரணை அறிக்கைகள் எல்லாம் சேர்ந்துதான் கொண்டுவந்தன. ஆனால் ஒரு சாமானியன் சொல்வதும் ஒரு வல்லரசு மறுப்பதுமாக நின்ற விவகாரத்தில், அந்த விமானம் நிஜமாகவே இருந்தது, அன்றைக்கு அங்கே நின்றது என்று காட்ட ஒரு படம் இருந்தது. எடுத்தவருக்கு எந்தப் பக்கமும் இல்லை. அந்தப் படத்தின் பலமே அதுதான்.

*

“இப்பதான் எல்லாம் போன்லயே தெரியுதே, நேர்ல போய் எதுக்கு?” என்று இளைய ஸ்பாட்டர்களே கேட்கிறார்கள். விமானத்தின் இருப்பிடத்தைக் காட்டும் செயலிகள் எல்லாம் விமானம் தானே ஒலிபரப்பும் தகவலை வாங்கித்தான் காட்டுகின்றன. விமானம் பேசுவதை நிறுத்தினால் திரையில் புள்ளியும் மறைந்துவிடும். 2014 மார்ச் 8 அதிகாலை 1:21-க்கு எம்எச்370-இன் டிரான்ஸ்பாண்டர் சமிக்ஞை நின்ற கணத்தை இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 9எம்-எம்ஆர்ஓ, 239 பேர்.

நான்கு மாதம் கழித்து, ஜூலை 17 பகலில், ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் ஒரு ஸ்பாட்டர் 9எம்-எம்ஆர்டி மேலெழுவதைப் படமெடுத்தார். 1997-இல் அதே ஜூலை 17 அன்றுதான் அந்த விமானம் முதன்முதலில் பறந்தது. உக்ரைன் வானில் அது சுட்டு வீழ்த்தப்பட்டபோது உள்ளே 298 பேர், அவர்களில் 43 பேர் மலேசியர்கள். சூரியகாந்தி வயலில் கிடந்த சிதைவுகளைத்தான் உலகம் மறுபடி மறுபடிப் பார்த்தது. ஸ்கிபோலில் எடுத்த படத்தில் விமானம் முழுசாக இருக்கிறது. மூக்கு உயர்ந்திருக்கிறது. சன்னல்கள் வரிசையாகத் தெரிகின்றன. அந்தச் சன்னல்களுக்குப் பின்னால் அத்தனை பேரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். எடுத்தவர் அன்றைக்கு எடுத்த பல படங்களில் அதுவும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

எது வரலாறாகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து யாரும் எழுதிவைப்பதில்லை. தெரிந்து எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு எஜமானர் இருப்பார். நோக்கமில்லாமல், ஆனால் தேதி தவறாமல் எழுதுகிறவனின் நோட்டில் 99 பக்கம் குப்பையாகவே இருக்கலாம். அந்த 99 பக்கம் இருப்பதால்தான் நூறாவது பக்கத்தை நம்ப முடிகிறது.

மலேசியாவின் ஆறு ஏ380 விமானங்களும் இப்போது சேவையில் இல்லை. ஏ380 உற்பத்தி 2021-இல் நின்றது, கடைசி 747 தொழிற்சாலையை விட்டு 2022 டிசம்பரில் போய்விட்டது. இரட்டை எஞ்சின் விமானங்கள்தான் இனி. கூட்டத்தில் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு, எனக்கும் கொஞ்சம் உண்டு. இருந்தாலும் நிழலுருவம் மாறினால் என்ன, எண் இருக்கும் வரை எழுத வேண்டியதும் இருக்கிறது. நோட்டு இரண்டு வெள்ளிதான். தேதியையும் இடத்தையும் மறக்காமல் போடுங்கள்.