கட்டைவிரலுக்குப் போன ஃபோகஸ்

2011-ல் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். போட்டோகிராஃபர் ஒருத்தரை ஏற்பாடு செய்திருந்தோம். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அப்பா, அம்மா, தங்கை, நான், என் மனைவி, கைக்குழந்தையாக என் பையன் எல்லோரும் ஒன்றாக நிற்க நேர்ந்தது. என் கேமராவைச் சித்தப்பா பையனிடம் கொடுத்தேன். "அண்ணே, எதை அமுக்கணும்?" "மேல இருக்கிற பட்டன்தான்டா, அவ்வளவுதான்." அவனும் பதினோரு தடவை அமுக்கினான். பதினோரு படமும் பின்னால் வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தில் துல்லியமாக ஃபோகஸ் ஆகியிருந்தன. மாவிலையின் நரம்பை எண்ணலாம். அப்பாவின் முகம் மட்டும் தண்ணீருக்குள் பார்த்த மாதிரி.

கேமராவில் கோளாறு எதுவும் கிடையாது, சித்தப்பா பையனும் தப்பு செய்யவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு பள்ளிக்கரணையில் பறவை எடுப்பதற்காக ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸ் வேலையைப் பிடுங்கி, கேமராவின் முதுகில் கட்டைவிரல் படும் இடத்தில் உள்ள பட்டனுக்குக் கொடுத்திருந்தேன். கடைசியாகக் கட்டைவிரலால் நான் ஃபோகஸ் செய்தது தோரணத்தை. லென்ஸ் அங்கேயே நின்றுவிட்டது. அவன் கட்டைவிரலை எதற்கு அங்கே வைக்கப்போகிறான்?

அந்தப் படத்தினால்தான் இந்தப் பட்டனின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். இந்த ஏற்பாட்டை யார், எப்போது, ஏன் கொண்டுவந்தார்கள்? பறவைப் படம் எடுப்பவர்கள் மத்தியில் இது ஏதோ தாங்களே கண்டுபிடித்த ரகசியம் மாதிரி ஒரு பேச்சு உண்டு. பழைய கேமராக்களின் மேனுவல்களைப் புரட்டினால் கதை வேறு மாதிரி போகிறது.

முதலில் ஆட்டோஃபோகஸுக்கு முந்தைய காலம். அப்போது குவியப்படுத்துவதும் படம் எடுப்பதும் இயல்பாகவே இரண்டு தனி வேலைகள். இடது கை லென்ஸ் வளையத்தைத் திருப்பும், வலது கை ஆள்காட்டி விரல் ஷட்டரை அமுக்கும். பிரிட்டனின் எரிக் ஹாஸ்கிங் போன்றவர்கள் மறைவிடம் கட்டி, கூட்டின் மீது முன்னதாகவே ஃபோகஸ் செய்துவிட்டு, பறவை வரும்வரை காத்திருந்தார்கள். (இதே ஹாஸ்கிங் 1937-ல் ஒரு ஆந்தை தாக்கியதில் இடது கண்ணை இழந்தவர். தன் சுயசரிதைக்கு 'ஆன் ஐ ஃபார் எ பேர்ட்' என்றே பெயர் வைத்தார். எனக்கு இந்த மனிதர்மேல் தனி மரியாதை.) அங்கே ஃபோகஸ் ஒரு நேரம், கிளிக் இன்னொரு நேரம். நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி இருக்கலாம்.

பறக்கும் பறவைக்கு இந்த வித்தை பலிக்காது. அதற்கு ஜெர்மனியின் நோவோஃபிளெக்ஸ் கம்பெனி ஒரு அழகான தீர்வு கண்டது. துப்பாக்கிப் பிடி போன்ற ஒரு கைப்பிடி. அதன் விசையை இடது கையால் அழுத்த அழுத்த லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். 400 மி.மீ. லென்ஸை இதில் மாட்டிக்கொண்டு, பறவை நெருங்க நெருங்கப் பிடியை அழுத்திக்கொண்டே போகலாம். வலது கைக்கு ஷட்டர் மட்டும்தான் வேலை. ஆட்டோஃபோகஸ் வருவதற்கு முன்பு, பறக்கும் பறவை எடுத்தவர்களிடம் இதற்கு நல்ல மவுசு இருந்தது. இந்தப் பிடியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பட்டன் செய்யும் வேலையைத்தான் இது கம்பியும் ஸ்பிரிங்குமாகச் செய்தது.

இனி ஆட்டோஃபோகஸ். 1977-ல் கோனிகா சி35 ஏஎஃப் வந்தது. பெரிய அளவில் உற்பத்தியான முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா, ஆனால் அது சட்டைப்பை ரகம். எஸ்எல்ஆர் பக்கம் 1980, 81-ல் மூன்று முயற்சிகள் நடந்தன: ரிக்கோவின் 50 மி.மீ. ஆட்டோஃபோகஸ் லென்ஸ், கேனானின் 35-70 மி.மீ. எஃப்/4 ஏஎஃப் லென்ஸ், பெண்டாக்ஸ் எம்ஈ-எஃப் கேமராவும் அதற்கென்று வந்த 35-70 மி.மீ. லென்ஸும். மூன்றுமே தலையில் மூட்டை சுமக்கிற மாதிரி குண்டாக இருக்கும். மூன்றிலும் எனக்கு ஆச்சரியம் தந்தது ஒரே விஷயம்தான்: ஃபோகஸ் பட்டன் லென்ஸிலேயே இருந்தது! இடது கை விரலால் அதை அமுக்கினால் மோட்டார் ஓடும். ஷட்டர் பட்டனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆக, 35 மி.மீ. ஃபிலிம் எஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸ் பிறந்தபோதே தனி பட்டனோடுதான் பிறந்தது. யாரும் யோசித்துச் செய்த தத்துவம் என்று இதைச் சொல்ல முடியாது. லென்ஸுக்குள் மோட்டார், பேட்டரி எல்லாம் தனியாக இருந்தபோது, பட்டனும் அங்கேயே இருப்பதுதான் சுலபம். எங்கள் தொழிலில் சொல்வதானால், ஹார்டுவேர் எப்படிப் பிரிந்திருந்ததோ அப்படியே இன்டர்ஃபேஸும் பிரிந்திருந்தது.

1985-ல் மினோல்டா 7000 வந்து எல்லாவற்றையும் மாற்றியது. மோட்டாரும் ஃபோகஸ் உணரியும் கேமரா உடலுக்குள் போயின. ஒரு சின்னத் தண்டு வழியாக லென்ஸைச் சுழற்றின. எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்தபிறகு தனி பட்டன் எதற்கு? ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கினால் ஒளியளவு பார்ப்பது என்ற பழக்கம் கேனான் ஏஇ-1 (1976) போன்ற கேமராக்கள் வழியாக ஏற்கெனவே மக்கள் விரலில் படிந்திருந்தது. அதே பாதி அமுக்கலில் ஃபோகஸையும் ஏற்றிவிட்டார்கள். ஒரே ஸ்விட்சுக்கு மூன்று வேலை: அள, குவி, சுடு.

மினோல்டாவுக்கு இதில் புகழும் கிடைத்தது, அடியும் விழுந்தது. அமெரிக்காவில் 'மேக்ஸம்' என்ற பெயரில் விற்றார்கள். அதில் இரண்டு எக்ஸ் பின்னியிருந்த விதம் தங்கள் சின்னம் மாதிரி இருக்கிறது என்று எக்ஸான் எண்ணெய் கம்பெனி ஆட்சேபித்ததில் எழுத்து வடிவத்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஹனிவெல் தொடுத்த காப்புரிமை வழக்கு இதைவிடப் பெரியது, 1992-ல் 12.75 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

ஒரே பட்டனில் மூன்று வேலை என்பது பாட்டி தாத்தாவைப் படம் எடுப்பவருக்கு வரம். பறவைக்காரருக்கு எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம். 400 மி.மீ. லென்ஸ், எஃப்/5.6, முழு ஃப்ரேம் கேமரா, 10 மீட்டரில் ஒரு மீன்கொத்தி. கணக்குப் போட்டால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 20 செ.மீ. பறவைக்கு முன்னால் அரை மீட்டரில் ஒரு சம்பங்கோரை நின்றால் போதும், பறவை காலி.

பாதி அமுக்கலில் கேமரா இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒற்றை ஃபோகஸ் முறையில் ஒருமுறை பிடித்தால் பூட்டிக்கொள்ளும். மீன்கொத்தி பறந்தால் பூட்டு பழைய இடத்திலேயே நிற்கும். தொடர் ஃபோகஸ் முறையில் பூட்டவே பூட்டாது. உட்கார்ந்திருக்கும் பறவையைப் படத்தின் ஓரத்துக்குத் தள்ளி அழகு பார்க்க நினைத்தால், நடுப்புள்ளி பின்னாலுள்ள கோரையைப் பிடித்துக்கொள்ளும். மீன்கொத்தியோ, 'நான் இப்போது பறக்கப்போகிறேன், முறையை மாற்றிக்கொள்' என்று சொல்லிவிட்டுப் பறப்பதில்லை. இது போதாதென்று, ஒவ்வொரு தடவை விரலை எடுத்துத் திரும்ப வைக்கும்போதும் கேமரா புதிதாக ஃபோகஸ் தேடும்.

1987-ல் கேனான் தன் ஈஓஎஸ் வரிசையைத் தொடங்கியது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார், எல்லாத் தகவலும் மின்தொடர்பு வழியாக. அடுத்த ஆண்டு 600 மி.மீ. எஃப்/4 வந்தது. 1989-ல் வந்த ஈஓஎஸ் 630 என்ற கேமராவில்தான் நம் கதாநாயகன் வருகிறான். தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் 'கஸ்டம் ஃபங்ஷன்'களில் ஒன்றாக, ஃபோகஸைப் பின்பக்க பட்டனுக்கு மாற்றும் வசதி அதில் இருந்தது. இதைக் கொண்டுவந்த முதல் கம்பெனி தாங்கள்தான் என்று கேனான் இன்றும் சொல்லிக்கொள்கிறது. பிறகு வந்த பல ஈஓஎஸ் கேமராக்களில் இதற்கு 4-ஆம் எண் நிலைத்துவிட்டதால், பழைய ஆட்கள் 'சி.எஃப்.என். 4' என்றாலே இதுதான்.

எனக்குப் பிடித்தது இதைச் செய்த விதம். புதுப் பட்டன் எதையும் சேர்க்கவில்லை. ஒளியளவைப் பூட்டும் பட்டன் பின்னால் ஏற்கெனவே இருந்தது. இரண்டு வேலைகளையும் இடம் மாற்றினார்கள்: ஃபோகஸ் பின்னால் போனது, ஒளிப் பூட்டு ஷட்டர் பட்டனுக்கு வந்தது. பிந்தைய கேமராக்களில் இந்த ஒரு எண்ணுக்குள் நான்கு தேர்வுகள். பறவைக்காரர்கள் பெரும்பாலும் 1, 3 இரண்டுக்கும் நடுவில் அல்லாடினார்கள். இரண்டிலும் ஃபோகஸ் கட்டைவிரலில்தான். ஆனால் 1-ல் ஷட்டரைப் பாதி அமுக்கியதுமே ஒளியளவு பூட்டிக்கொள்ளும். இருட்டுப் புதரிலிருந்து வெளிச்சத்துக்குப் பறவை வந்தால் படம் வெளுத்துப்போகும். 3-ல் அந்தப் பூட்டு இல்லை. இது புரியாமல் நானே ஒரு காலைப் பொழுது முழுக்கக் கூழைக்கடாக்களை வெள்ளைத் துணி மாதிரி எடுத்திருக்கிறேன்.

கட்டைவிரலுக்கு வந்தபிறகு கணக்கு எளிதாகிவிட்டது. கேமராவைத் தொடர் ஃபோகஸிலேயே விட்டுவிடலாம். கட்டைவிரல் அமுங்கியிருக்கும்வரை கேமரா பறவையைத் துரத்தும். எடுத்துவிட்டால் லென்ஸ் அங்கேயே நிற்கும், அதுவே பூட்டு. பூட்டியபிறகு ஷட்டரை எத்தனை தடவை அமுக்கினாலும் ஃபோகஸ் அசையாது. வளையத்தைக் கையால் லேசாகத் திருப்பித் திருத்தவும் செய்யலாம், ஷட்டர் அதைக் கெடுக்காது. கிளையில் இருப்பது, பறப்பது, கோரைக்குப் பின்னால் ஒளிவது என்று மூன்று நிலைமைக்கும் மெனு பக்கமே போகவேண்டாம். நோவோஃபிளெக்ஸ் பிடியில் இடது கை செய்த வேலை வலது கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். 1985-ல் நடந்த கல்யாணத்துக்கு நான்கே வருடத்தில் விவாகரத்து வசதியும் வந்துவிட்டது என்று நண்பர் ஒருவர் கிண்டலடிப்பார்.

1996-ல் நிக்கான் எஃப்5 இதற்கென்றே ஏஎஃப்-ஆன் என்று எழுதிய தனி பட்டனோடு வந்தது. கேனானில் அப்படி ஒரு தனி பட்டன் 2007-ல்தான் வந்தது, 1டி மார்க் 3-லும் 40டி-யிலும். அதுவரை நட்சத்திரக் குறி போட்ட ஒளிப்பூட்டு பட்டன்தான் அங்கே அந்த வேலையைப் பார்த்தது. ஃபிலிம் காலத்தில் 36 படம் எடுத்து, கழுவி, பிறகுதான் விரல் பழகிவிட்டதா இல்லையா என்றே தெரியும். டிஜிட்டலில் அரை மணி நேரத்தில் முந்நூறு படம் எடுத்துப் பழகலாம். இந்த முறை பரவியதில் டிஜிட்டலின் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் கம்பெனிகள் ஏன் இதையே இயல்பான அமைப்பாக வைக்கவில்லை? வெகுநாள் இது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. பழமைவாதம் என்றுகூட நினைத்தேன். அந்தப் பதினோரு படங்களை மறுபடி பார்த்தபிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஷட்டரில் ஃபோகஸ் இருந்தால், குறி கிடைக்காதபோது கேமரா பல சமயம் கிளிக் ஆக மறுக்கும். எடுப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும். பின்பட்டன் அமைப்பில் கேமரா எதையும் மறுக்காது. சித்தப்பா பையன் அன்றைக்குச் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது: "சூப்பரா கிளிக் ஆகுதுண்ணே." எனக்காக ஒன்றை எளிதாக்கிக்கொண்டேன். அடுத்தவர் கைக்குப் போனபோது எச்சரிக்கை மணி இல்லாத கருவியாக அது மாறியிருந்தது. வேலையில் இதே தப்பைச் செய்த ஜூனியர்களை நான் திட்டியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

2020-ல் வந்த கேனான் ஆர்5, 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 1 போன்றவை பறவையைத் தாமே அடையாளம் கண்டு கண்ணிலேயே ஃபோகஸ் செய்கின்றன. இனி கட்டைவிரலுக்கு வேலை இல்லை, பழையபடி ஷட்டரே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பள்ளிக்கரணையில் நான் பார்த்தவரை நிலவரம் வேறு. கோரை அடர்ந்த இடத்தில் கேமரா கண்ணைத் தேடித் தடுமாறும். அப்போது ஒற்றைப் புள்ளியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் பலரும் பின்னால் இரண்டு பட்டன்களை வைத்துக்கொள்கிறார்கள், ஒன்று கண்ணைத் தேட, இன்னொன்று ஒற்றைப் புள்ளிக்கு. என்னுடையதும் அப்படித்தான். ஒன்றாகச் சேர்த்ததைப் பிரித்தார்கள். பிரித்தது இப்போது இரண்டாகியிருக்கிறது.

ரொம்பத் தாமதமாகத் தெரிந்துகொண்ட ஒன்று. என் அந்தக் கேமராவில் மேல் டயலைப் பச்சைக் கட்டத்துக்குத் திருப்பினால், அதாவது முழு ஆட்டோவுக்கு, நான் மாற்றி வைத்த கஸ்டம் ஃபங்ஷன் எதுவும் செல்லாது. ஃபோகஸ் தானாக ஷட்டர் பட்டனுக்கே திரும்பிவிடும். மேனுவலில் இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் யார் கையில் கேமராவைக் கொடுத்தாலும் அந்த டயலைத் திருப்பிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

அப்பா 2016-ல் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கும் படம் அது ஒன்றுதான். அம்மா அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் யாரும் ஃபோகஸ் பற்றி இதுவரை கேட்டதில்லை. "தோரணம் நல்லா விழுந்திருக்கே" என்று மட்டும் ஒரு அத்தை சொன்னார்.