மூன்று தரங்களின் வரலாறு: உள்நாட்டுப் போர்க்கால அமெரிக்கப் படை

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஒரே அதிகாரி மூன்று வகைத் தரங்களைத் தாங்கியிருக்க முடிந்தது: ஓய்வு வரை நீடிக்கும் நிரந்தரப் படைத் தரம், போர் முடிந்ததும் கலைந்துவிடும் தன்னார்வப் படைத் தரம், வீரத்துக்காக வழங்கப்படும் மதிப்புத் தரமான 'பிரெவெட்'.

1812ஆம் ஆண்டுச் சட்டம் பிரெவெட்டை வழங்க வழிசெய்தபோதே, தனிப் படைநிலை, மாவட்டம் அல்லது தனிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்குவோருக்கே கூடுதல் சம்பளம் என வரையறுத்ததால், பெரும்பாலோருக்கு அது பணமில்லாப் பெருமையாகவே அமைந்தது.

நிரந்தர, தன்னார்வத் தரங்கள் தனித்தனியே இருந்ததன் விளைவை, குதிரைப்படை அதிகாரி ஜார்ஜ் கஸ்டரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. 1863இல் 23 வயதில் தன்னார்வப் படையின் பிரிகேடியர் ஜெனரலாகி, பின்னர் மேஜர் ஜெனரலாகவும் உயர்ந்த அவர், 1866 பிப்ரவரியில் அப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டதும், நிரந்தரப் படையில் தமக்குரிய கேப்டன் தரத்துக்கும் அதன் குறைந்த சம்பளத்துக்கும் திரும்பினார். அதே ஆண்டில் 7ஆம் குதிரைப்படையின் லெப்டினன்ட் கர்னலானார்.

மறுபுறம், பிரெவெட்டை முன்வைத்து அதிகாரிகள் மூப்புரிமை கோரியதால், யாருக்கு யார் கட்டளையிடுவது என்ற பூசல்கள் பெருகின. எனவே 1869, 1870ஆம் ஆண்டுச் சட்டங்கள் அத்தரத்தின் அதிகாரத்தைப் பறித்து, அதற்குரிய சீருடையையும் தடைசெய்தன. குருதி சிந்திப் பெற்ற மதிப்பு, மூப்புப் பட்டியலில் இடம்பெறாமல் போனது பலருக்கு ஆறாத மனக்குறையாயிற்று.