மார்ஃபின் தாங்குதிறனும் வலித்தணிப்பும்: ஐதராபாத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே அளவு மார்ஃபினைத் தொடர்ந்து எடுத்துவரும்போது வலியடக்கும் ஆற்றல் குறைந்து, பழைய நிவாரணத்துக்குக் கூடுதல் அளவு தேவைப்படும் நிலையே தாங்குதிறன். மருந்தைத் திடீரென நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் தோன்றும் உடல்சார்பு வேறு. தீங்கு தெரிந்தும் அடக்கமுடியாமல் மருந்தை நாடும் அடிமைநிலை வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதால்தான் புற்றுநோயாளிக்குப் போதிய மார்ஃபின் தரத் தயக்கம் எழுகிறது. தாங்குதிறன் தோன்றினால் சிகிச்சையைத் திருத்த வேண்டும், வலிநிவாரணத்தை மறுக்கக்கூடாது.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மியூ ஏற்பிகளில் மார்ஃபின் செயல்படுகிறது. ஓயாமல் தூண்டப்படும் ஏற்பியில் பாஸ்பேட் சேர, பீட்டா-அரெஸ்டின் புரதம் அதனுடன் இணைந்து சமிக்ஞையைத் துண்டிக்கிறது. மருந்து ஒடுக்கிவைத்த, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி பாதை நாளடைவில் ஈடுகட்டி மேலெழுகிறது. வலியைப் பெருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளும் முனைப்படைகின்றன. எனினும் எல்லா விளைவுகளும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மலச்சிக்கல் அவ்வாறு தணியாது. ஆகவே மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே தருவது முறை.

அளவு போதவில்லை என்றதும் தாங்குதிறனையே காரணமாகக் கொள்ளக்கூடாது. புற்றுநோயில் கட்டி வளர்ந்திருக்கலாம், எலும்புக்குப் பரவியிருக்கலாம், நரம்பை அழுத்தலாம். நோயாளி வேளைதவறி மாத்திரை எடுத்திருக்கலாம். அளவைக் கூட்டக் கூட்ட வலியும் கூடி, தொடக்க இடத்தைத் தாண்டிப் பரவினால், மருந்தே தூண்டும் மிகைவலியை ஐயுற வேண்டும். அப்போது அளவைக் குறைப்பதே தீர்வாகலாம்.

தாங்குதிறன்தான் காரணம் என்று உறுதியானால் அதைக் கையாள மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பக்கவிளைவைக் கவனித்துப் படிப்படியாக அளவை உயர்த்துதல். இரண்டாவது, மார்ஃபினின் சுமையைக் குறைக்கும் துணைச் சிகிச்சை: நரம்புவலிக்குக் கபாபென்டின் அல்லது அமிட்ரிப்டிலின், எலும்புவலிக்குக் கதிர்வீச்சு. மூன்றாவது, மார்ஃபின் வகையைச் சேர்ந்த வேறொரு மருந்துக்கு, அதாவது வேறொரு ஓபியாய்டுக்கு மாறுதல். மருந்துகளிடையே தாங்குதிறன் முழுமையாகக் கடந்துசெல்லாது. எனவே புதிய மருந்தைச் சமவலிமை அளவிலிருந்து பொதுவாக 25 முதல் 50 சதவீதம் குறைத்தே தொடங்குவர். அவ்வாறு மாற்றித்தரப்படும் மெத்தடோன் உடலில் நெடுநேரம் தங்கிச் சேர்வதால் அனுபவமுள்ள கண்காணிப்பு தேவை. சில நாட்கள் மருந்து நின்றாலே தாங்குதிறன் இறங்கிவிடும். பழைய அளவை அப்படியே மீண்டும் தொடங்கினால் மூச்சு ஒடுங்கி உயிரே போகலாம்.

இந்த வழிகளைக் கையாள, மருந்து தொடர்ந்து கிடைக்க வேண்டும். இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கீழ் மருத்துவமனைகள் பல உரிமங்களைப் பெறவேண்டியிருந்தது. இதனால் மார்ஃபினைக் கைவிட்ட மருத்துவமனைகள் பல. 2014 திருத்தம் இன்றியமையாத போதைமருந்துகள் என்ற பிரிவை உருவாக்கி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்களுக்கான நடைமுறையை எளிதாக்கியது. ஐதராபாத்தில் ரெட் ஹில்ஸ் பகுதியிலுள்ள எம்.என்.ஜே. அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, வலித்தணிப்புச் சிகிச்சையில் முக்கிய மையமாக வளர்ந்துள்ளது. ஆனால் அந்நகரின் காஞ்சன்பாக்கில் வசிக்கும் நோயாளி, வலி முற்றிய நிலையில் ஒவ்வொரு அளவுத் திருத்தத்துக்கும் நகரைக் கடந்து செல்வது முறையாகாது. அருகிலுள்ள மருத்துவமனையே மார்ஃபினை இருப்பில் வைத்து, வலியை அளவிட்டு, மாற்று மருந்தையும் வழங்கும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சட்டம் அதற்கு வழிவிட்டிருக்கிறது. மருத்துவக் கல்வியும் மருத்துவமனை நிர்வாகமும் அதைச் செயலாக்க வேண்டும்.