இறந்தவர் விருப்பமும் இருப்போர் கடமையும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து

தன் இறுதிக் காரியம் எப்படி நடக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிச் செல்லும் விருப்பம் உறவினர் தயவில் நிற்கக் கூடாது. எழுதி வைத்தால் அது செல்லுபடியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இத்தகைய விருப்பம் தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்தவள் தனக்கும் சேர்த்து அகன்ற தாழியாக வனையும்படி குயவரை வேண்டுகிறாள். வடக்கிருந்த உறையூர்க் கோப்பெருஞ்சோழன், இன்னும் வந்து சேராத பிசிராந்தையாருக்குத் தன்னருகே இடம் ஒதுக்கச் சொன்னான். சொன்ன சொல்லைச் சுற்றியிருந்தோர் காத்தனர்.

1995 வரை உறையூரோடு ஒரே திருச்சி மாவட்டமாக இருந்த பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் இன்று இவ்விருப்பம் இடம், சடங்கு, உடல் என மூன்றாகப் பிரிகிறது.

"நம்ம கொல்லையிலயே பொதச்சிருங்க" என்பது இடம் பற்றியது. 1999ஆம் ஆண்டின் கிராம ஊராட்சி இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி, உரிமம் பெறாத இடமாயின் குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. பட்டா கையில் இருந்தால் மட்டும் போதாது. குடிநீரைக் காக்கும் இந்த வரம்பு நியாயமானது. ஆனால் அதை உயிரோடிருக்கும்போதே அறிந்து ஏற்பாடு செய்தால்தான் விருப்பம் நிறைவேறும்.

சடங்கு பற்றிய விருப்பமே மிகவும் பலவீனமானது. பிறந்த வீட்டுக் கோடி வந்த பிறகே எடுக்க வேண்டும் என்பார் ஒருவர். மகள் கொள்ளி வைக்கட்டும் என்பார் இன்னொருவர். கருமாதிச் செலவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள் என்பார் மற்றொருவர். சாவு வீட்டுப் பந்தலில் இவற்றை முடிவு செய்வோர் பங்காளிகளே. உடல் எவருக்கும் சொத்தன்று, ஆகவே அதைப் பற்றி உயிலில் எழுதியது எவரையும் கட்டுப்படுத்தாது என்று 1882இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் வழக்கில் தீர்ப்பானது. நேருவுக்கு நேர்ந்ததும் இதுதான். மதச் சடங்கு வேண்டாம் என்று 1954இல் உயில் எழுதியிருந்தும், 1964இல் சடங்குகளுடனேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.

உடல் பற்றிய விருப்பத்துக்கு மட்டுமே ஓரளவு சட்டத் துணை உண்டு. இரு சாட்சிகள் முன் எழுதித் தந்த உறுப்புக் கொடையை 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மதிக்கிறது. ஆயினும் நடைமுறையில் குடும்பத்தின் சம்மதமின்றி மருத்துவமனைகள் முன்வருவதில்லை. உடலையே கொடையாகத் தர விரும்புவோருக்கு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அரியலூரிலேயே இருக்கிறது.

சடங்கு இருப்போரின் துயரை ஆற்றவே, இறந்தவருக்கு அதில் என்ன உரிமை என்று கேட்கலாம். துயர் ஆற வழிகள் பல உண்டு. இறந்தவர் தம் சொல்லுக்காக வாதாட மீண்டும் வர முடியாது. ஆகவே ஐயம் எழும்போது அவர் பக்கமே சாய்வது நீதி. வரம்பும் உண்டு. பறையடிக்கவும் குழி வெட்டவும் பிறப்பின் பெயரால் ஒருவரைக் கட்டாயப்படுத்தும் ஆசை எதற்கும் மதிப்பளிக்கத் தேவையில்லை.

இறுதி விருப்பத்தை இரு சாட்சிகளோடு ஊராட்சி அலுவலகத்தில் பதிவு செய்ய அரசு விதி வகுக்க வேண்டும். அதுவரை, ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை எழுதிக் கையெழுத்திட்டு, பிள்ளைகளிடம் மட்டுமன்றிப் பங்காளிகளிடமும் இன்றே சொல்லிவைப்பது நல்லது.