முடிவில் அல்ல, முறையில்: அயர்லாந்தின் குடிமக்கள் பேரவை

சமூகத்தை இரண்டாகப் பிளக்கும் கேள்விகளில் இணக்கம் என்றாலே, இரு தரப்பும் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கருக்கலைப்பு குறித்த அயர்லாந்தின் அனுபவம் அதை மறுக்கிறது. அங்கே முடிவைப் பற்றிய பிளவு கடைசிவரை தீரவில்லை. அதை எட்டும் முறையில்தான் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள்.

கருவிலுள்ள உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை தந்த எட்டாவது அரசியலமைப்புத் திருத்தத்தை 1983இல் 66.9 விழுக்காட்டு வாக்காளர்கள் ஏற்றனர். அதன்பின் அந்த வாசகத்தைத் தொட அரசியல்வாதிகள் தயங்கினர். கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவார் 2012 அக்டோபரில் கால்வே மருத்துவமனையில் இறந்தார். கரு பிழைக்காது என்று தெரிந்தும், கருக்கலைப்புக்கு அவர் விடுத்த கோரிக்கை மறுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு தயக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

2016இல் குடிமக்கள் பேரவை அமைந்தது. வயது, பாலினம், வட்டாரம், சமூக நிலை ஆகியவற்றில் நாட்டைப் பிரதிபலிக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட 99 பேர். தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லாஃபோய். டப்ளின் அருகே மாலஹைடில் ஒரு விடுதியில், ஐந்து வார இறுதிகளில் வட்ட மேசைகளைச் சுற்றி இவர்கள் கூடினர். ஒவ்வொரு மேசையிலும் ஒரு நெறியாளர், குறிப்பெடுக்க ஒருவர். மருத்துவர்கள், சட்ட வல்லுநர்கள், எதிரெதிர் இயக்கத்தினர் எல்லோரும் பேசினர். நேரடியாகப் பாதிக்கப்பட்ட ஆறு பெண்களின் குரல்கள் ஒலிப்பதிவாக ஒலித்தன: கருக்கலைப்பு செய்துகொண்டோரும் அதைத் தேர்ந்தெடுக்காதோரும் அவர்களில் இருந்தனர். யாரும் யாருக்கும் குறுக்கே கேள்வி எழுப்பமுடியாத அந்தக் கேட்டல்தான் இந்த முறையின் உயிர்நாடி என்பது இக்கட்டுரையின் துணிபு. தன் தரப்பு வெல்லவேண்டிய நெருக்கடி இல்லாதபோதுதான் காது திறக்கிறது.

2017 ஏப்ரலில் உறுப்பினர்கள் ரகசியமாக வாக்களித்தனர். காரணம் கேளாமல் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றோர் 64 விழுக்காடு. அவர்களிலும் பலர் வார வரம்பு கோரினர். அரசியல் வட்டாரம் எதிர்பார்த்த நடுப்புள்ளியைத் தாண்டிய பரிந்துரை இது. பேரவை ஒருபக்கம் சாய்ந்தது என்று எதிர்ப்பாளர்கள் குறை கூறினர். அந்தக் குறையைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அதே கேள்வி நாடாளுமன்றக் குழுவையும் கடந்து மக்களிடமே வந்தது. 2018 மே 25இல் 66.4 விழுக்காட்டினர் திருத்தத்தை நீக்க வாக்களித்தனர். எண்ணிக்கை முடியுமுன்பே முதன்மை எதிர்ப்பு இயக்கம் தோல்வியை ஒப்புக்கொண்டது. கொள்கையை அது விடவில்லை, முடிவைப் புறந்தள்ளவும் இல்லை.

முறையைப் பாதியில் கைவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பராமரிப்பு குறித்த 2024 மார்ச் பொதுவாக்கெடுப்பு காட்டியது. வீட்டிலும் சமூகத்திலும் பராமரிப்பை ஆதரிக்க அரசைக் கடமைப்படுத்தவேண்டும் என்று பாலின சமத்துவத்துக்கான பிந்தைய குடிமக்கள் பேரவை கூறியிருந்தது. அரசோ அதைக் குடும்பத்துக்குள் சுருக்கி, ஆதரிக்க ‘முயலும்’ என்ற அளவுக்கு இளக்கியது. எதிர்ப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், வாசகம் வலுவற்றது என்று சொல்லி மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்களில் சிலர்கூட அதை எதிர்த்தனர்; வாக்களித்தோரில் 73.9 விழுக்காட்டினர் அதை நிராகரித்தனர்.