தோட்டத் தலைவர்

தோட்டத் தலைவர் என்பவர் இலங்கைப் பெருந்தோட்டங்களில் தொழிலாளர் தங்களுக்குள்ளிருந்தே தெரிவுசெய்யும் தொழிற்சங்கப் பிரதிநிதி. அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), கொழுந்து நிறுவைக் கழிவு, லயத்துக் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) கூரை எனப் பிணக்கு எதுவானாலும் முதலில் தோட்ட முகாமையாளரான துரையிடம் கொண்டுசெல்பவர் இவரே. சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி வெளியிலிருந்து வருபவர். தலைவரோ லயத்தில் குடியிருப்பவர், செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பேர் உள்ளவர். எந்த நிர்வாகத்தோடு வாதிடுகிறாரோ அதனிடமே சம்பளமும் வீடும் பெறுபவர். ஆகையால் அவருக்கான பாதுகாப்பு எப்படி வந்தது என்பதே இப்பதவியின் வரலாறு.

பின்னணி

சங்கம் அமைப்பதில் தோட்ட முதலாளிகள் முந்திக்கொண்டனர். இலங்கைத் தோட்டக்காரர் சங்கம் 1854இல் கண்டியில் உருவானது. அக்காலத்தில் தொழிலாளர் சார்பில் துரையிடம் பேசியவர் பெரிய கங்காணி. ஆள் பிடித்து வந்தவரும் கடன் கொடுத்தவரும் அவரே. தொழிலாளரைக் கடனோடு கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டபின்னும், தோட்டம் தனியார் நிலம் என்பதால் வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் சென்றது இதனால்தான். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சங்கங்களைப் பதிய வழிசெய்தது. ஆனால் அவற்றோடு பேசவேண்டிய கடமையை முதலாளிமீது சுமத்தவில்லை.

  

முல்லோயாவும் ஏழு அம்ச ஒப்பந்தமும்

கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் நாள், வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வேலைநிறுத்தக்காரர்மீதான வழக்கையொட்டி ஆளுநருடன் முரண்பட்ட அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினர். அதே ஆண்டில் தோட்ட முதலாளிகளும் சங்கங்களும் ஏழு அம்ச ஒப்பந்தத்துக்கு வந்தனர். சங்கம் சேரவும் கூட்டம் கூடவும் பிரதிநிதி மூலம் பேசவும் தொழிலாளருக்குள்ள உரிமையைத் தோட்ட நிர்வாகம் ஏற்றது அப்போதுதான். கண்டியில் முதலாளிகள் சங்கம் அமைத்து 86 ஆண்டுகள் கழிந்திருந்தன. முல்லோயா கோவிந்தன் மலையகத்தின் முதல் தொழிற்சங்கத் தியாகியாக நினைவுகூரப்படுகிறார்.

சட்டப் பாதுகாப்பு

1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும், 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பிறந்த தொழில் நியாய மன்றங்களும் பணிநீக்கத்தைக் கேள்வி கேட்க இடமளித்தன. பத்துச்சீட்டு (பணிநீக்கச் சீட்டு) பெற்றவருக்காகச் சங்கமே மனுச்செய்யலாம். பிரதிநிதிகளுக்கு வேலைத்தலத்தில் பாதுகாப்பும் வசதியும் வேண்டும் எனக் கூறும் சர்வதேசத் தொழில் தாபனத்தின் 135ஆம் சமவாயத்தை (1971) இலங்கை 1976இல் ஏற்றது. அதனோடு இணைந்த 143ஆம் பரிந்துரை, வேலை நேரத்தில் விடுப்பு, வேலைத்தலத்துக்குள் செல்லுதல், சந்தா திரட்டுதல், அறிவித்தல் ஒட்டுதல் ஆகியவற்றை வசதிகளாக எண்ணுகிறது.

1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டம், சங்க நடவடிக்கைக்காக வேலையிலிருந்து நீக்குவதையும், வேலைத்தலத்தில் குறைந்தது 40 சதவீதத் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பதையும் நேர்மையற்ற தொழில் நடைமுறைகளாக்கித் தண்டனைக்குரியவை என்றது. ஆயினும் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வது தொழில் ஆணையாளர் கையில் உள்ளது. சங்கம் நேரே செல்ல முடியாது.

அண்மை நிலை

சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம் தோட்டங்களில் நீண்டகாலம் நிலவியது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் எனச் சம்பள நிர்ணய சபை வழியே தீர்மானிக்கப்பட்டபோது, முதலாளிமார் சம்மேளனம் சங்கங்களுடன் செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. சந்தாப் பிடித்தம் போன்று ஒப்பந்தத்தை நம்பியிருந்த வசதிகளும் ஆட்டங்கண்டன. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள்; தலைவர்களோ பெரும்பாலும் ஆண்கள். மாதர் சங்கத் தலைவி என்ற தனிப்பதவி இருந்தும், துரையின் மேசைமுன் பேசுவோர் வரிசையில் இந்த ஏற்றத்தாழ்வு நீடிக்கிறது.