தபாற்காரன் கையில் ஓர் ஆளி



வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிச்சை ஊரில் எங்கள் விஞ்ஞானப் பாடப்புத்தகம் ‘ஆளி’ என்று சொல்லித் தந்தது. எங்கள் உடலின் கலங்களுக்குள்ளும் ஆளிகள் உண்டு. ஈரல் கலத்திலும் தோல் கலத்திலும் இருப்பவை ஒரே பரம்பரையலகுகள்தான். எது வேலை செய்யவேண்டும், எது உறங்கவேண்டும் என்பதை இந்த ஆளிகளே தீர்மானிக்கின்றன. லைற்றைப் போட்டு நூர்ப்பதுபோல, ஒரு சிறிய மருந்தைக் கொடுத்து அவற்றை நாங்களே இயக்க முடியுமா? அந்தக் கேள்வியின் வரலாறுதான் இந்த மாதப் பேச்சு.

1961ஆம் ஆண்டு, பாரிஸ் பாஸ்ரர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜாக்கொப், ஜாக் மொனோ என்ற இருவர் குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியாவை ஆராய்ந்து எழுதினார்கள். பாலில் உள்ள சீனி கிடைக்கும்போதுதான் அதை உடைக்கும் நொதியத்தை இந்தப் பற்றீரியா தாராளமாகத் தயாரிக்கிறது. மற்ற வேளைகளில் ஏதோவோர் ‘அடக்கி’ அந்தப் பரம்பரையலகுகளைப் பூட்டி வைத்திருக்கிறது. அந்த அடக்கி ஆர்.என்.ஏ ஆக இருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தார்கள். 1965இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அடுத்த ஆண்டே, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வோல்ரர் கில்பேர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அந்த அடக்கியைப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டினார்கள்.

அதன்பின் ஆர்.என்.ஏக்குக் கிடைத்தது பெரும்பாலும் தபாற்காரன் வேலைதான். டி.என்.ஏயில் எழுதியிருப்பதைப் புரதம் தயாராகும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், அவ்வளவே. அதிகாரம் செய்வது புரதங்கள் என்றே பலரும் எண்ணினார்கள். தோமஸ் செக், சிட்னி ஓல்ற்மன் ஆகிய இருவரும் ஆர்.என்.ஏயும் நொதியம்போல வேலை செய்யும் என்று காட்டி 1989இல் நோபல் பரிசு பெற்றபோது, அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

1990இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஒரே வழியைத் தனித்தனியே கண்டுபிடித்தன. கொலராடோவில் கிறெய்க் ரியூர்க், லாரி கோல்ட்; பொஸ்ரனில் அன்ட்ரூ எலிங்ரன், ஜாக் சொஸ்ரக். கோடானுகோடி ஆர்.என்.ஏ இழைகளை ஒழுங்கின்றித் தயாரித்து, தாங்கள் விரும்பிய மூலக்கூறைப் பற்றிப்பிடிப்பவற்றை மட்டும் வடித்தெடுத்து, அவற்றைப் பெருக்கி, மறுபடியும் வடித்தார்கள். ஆயிரம் கோடி இழைகளில் ஏறக்குறைய ஒன்றே தேறும் என்று பொஸ்ரன் குழு கணக்கிட்டது. அப்படித் தேறியதற்கு ‘அப்ரமர்’ என்று பெயர் வைத்தார்கள்.

1994இல் கொலராடோவில் தியோபிலின் என்ற மருந்தைப் பிடிக்கும் அப்ரமர் ஒன்று கிடைத்தது. தொய்வு நோய்க்குக் கொடுக்கப்படும் இந்தக் குளிசையை எங்கள் மூத்தவர்கள் பலர் அறிவார்கள். கோப்பியிலுள்ள கபேயினுக்கும் இதற்கும் ஒரேயொரு மெதயில் கூட்டமே வித்தியாசம். ஆனால் அந்த அப்ரமர், கபேயினைவிடத் தியோபிலினை ஏறக்குறையப் பத்தாயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடித்தது.

பிடிக்கத் தெரிந்தால் ஆளியும் செய்யலாம். செய்தியைக் கொண்டுபோகும் ஆர்.என்.ஏயின் முன்பகுதியில் அப்ரமரைப் பொருத்துகிறார்கள். மருந்து வந்து ஒட்டியதும் இழையின் மடிப்பு மாறுகிறது. புரதம் தயாரிக்கும் இறைபோசோம் உட்காரும் இடம் மூடிக்கொள்ளலாம், அல்லது திறந்துகொள்ளலாம். 1998இல் ஜெப்ரி வேர்ஸ்ரக், மைக்கல் கிறீன் ஆகியோர் உயிருள்ள கலங்களில், ஒரு சாயத்தைச் சேர்த்துப் புரதத் தயாரிப்பை அடக்கிக் காட்டினார்கள்.

மனிதன் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டான் என்றுதான் அப்போது தோன்றியது. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தில் பரிசோதனைக் குழாய்க்குள் ஆர்.என்.ஏ ஆளிகளைச் செய்துகொண்டிருந்த றொனால்ட் பிறேக்கர் வேறுவிதமாக யோசித்தார். எங்களுக்கே இது இயலுமென்றால், இயற்கை செய்யாமல் விட்டிருக்குமா? 2002இல் விடை கிடைத்தது. அவருடைய குழுவும், நியூயோர்க்கில் எவ்கெனி நூட்லரின் குழுவும் பற்றீரியாக்களில் இயற்கையான ஆளிகளைக் கண்டன. விற்றமின் பி1இலிருந்தும் பி12இலிருந்தும் உண்டாகும் மூலக்கூறுகள், புரதத்தின் துணையின்றி ஆர்.என்.ஏயில் நேரடியாக ஒட்டி, பரம்பரையலகுகளை அடக்கின. பாற்சீனி விடயத்தில் தவறிய 1961ஆம் ஆண்டு ஊகத்தின் சாரம், இன்னொரு இடத்தில் உண்மையாகியது.

இதனால் எங்களுக்கு என்ன பயன்? 2010இல் இவோன் சென், மைக்கல் ஜென்சன், கிறிஸ்ரினா ஸ்மோக் ஆகியோர், நோயெதிர்க்கும் ரி கலங்களின் பெருக்கத்தைத் தியோபிலினால் இயங்கும் ஆர்.என்.ஏ ஆளியைக்கொண்டு எலிகளில் கட்டுப்படுத்தினார்கள். புற்றுநோய்க்காக உடலுக்குள் செலுத்தும் கலங்கள் கட்டுமீறிப் பெருகினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து கூட்டவும் குறைக்கவும் முடிந்தால் அந்தப் பயம் குறையும்.

தடையும் உண்டு. தியோபிலின் இரத்தத்தில் லீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, வலிப்புக்கூட வரலாம். ஆய்வுகூடத்தில் இந்த ஆளிகள் பலவற்றை இயக்க அதைவிடக் கூடுதலாகவே தேவைப்பட்டது. ஆகவே உடல் தாங்கக்கூடிய வேறு மருந்துகளுக்கேற்ற ஆளிகளைத் தேடுகிறார்கள். ரெற்றாசைக்கிளின் அவற்றில் ஒன்று.

வீட்டில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிழையென்று ஒதுக்கிய ஊகத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம் என்பது அவர்களுக்கு உதவும்.